அமெரிக்காவில் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பம்: எந்த அக்கம்பக்கம் நமக்கு ஒத்துவரும்?

கேள்வி – பிப்ரவரி 3

வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போகிறோம். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் ப்ரீ-கே. பாதிப் பேர் இந்தியர்களாக இருக்கும் ஊரை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தனிமை இருக்காது, வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்கிறார் கணவர். வீட்டுத் தரகரான ரியல்டரிடம் "இந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். எதை வைத்து முடிவெடுப்பது? என் அப்பா அம்மா வருடத்தில் ஆறு மாதம் எங்களோடு இருப்பார்கள்.

பிப்ரவரி 3, இரவு

ரியல்டர்மேல் வருத்தப்படாதீர்கள். 1968-இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, வாங்க வருபவரின் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து ஒரு பகுதிக்கு அழைத்துப்போவதோ இன்னொரு பகுதியைக் காட்டாமல் மறைப்பதோ கூடாது. அதற்கு ஸ்டியரிங் என்று பெயர். "உங்க ஆளுங்க அங்கதான் நிறைய" என்று பிரியமாகச் சொன்னாலும் ஸ்டியரிங்தான். அதனால் அவர் வாய் திறக்க மாட்டார், திறக்கவும் சட்டம் விடாது. அவரிடம் கூரையின் வயதையும் வெள்ள அபாய வரைபடத்தையும் கேளுங்கள். எங்கே யார் இருக்கிறார்கள் என்ற கணக்கை நீங்களே ஒரு மாலையில் எடுத்துவிடலாம். தனக்கு எந்த இடம் வேண்டும் என்று தேடும் குடும்பத்தை இந்தச் சட்டம் தடுக்கவில்லை.

கணவர் சொல்வதில் பாதி சரி. தனிமை பெரிய விஷயம். ஆனால் ஊர்க்கணக்கு உதவாது. ஊரில் பாதி என்பது, நெடுஞ்சாலைக்குக் கிழக்கே 80%, மேற்கே 10% என்று இருக்கலாம்.

பிப்ரவரி 4

கணக்கு எடுக்கும் முறை.

முதலில் வீட்டு முகவரியைச் சென்சஸ் பீரோவின் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம்) ஜியோகோடர் என்ற முகவரி தேடும் கருவியில் போட்டு டிராக்ட் எண்ணை எடுங்கள். டிராக்ட் என்பது சராசரியாக 4,000 பேர் வாழும் பகுதி (1,200 முதல் 8,000 வரை போகும்). பிறகு டேட்டா.சென்சஸ்.கவ் தளத்தில் அந்த டிராக்ட்டுக்கு இரண்டு அட்டவணைகள்:

பி03002: இனவாரியாக மக்கள்தொகை, ஹிஸ்பானியர் தனியாகப் பிரித்து.
பி02015: "ஆசியர்" என்ற பெட்டிக்குள் இந்தியர், சீனர், வியட்நாமியர் என்று பிரித்து.

இரண்டாவதைப் பார்க்காமல் விடாதீர்கள். 30% ஆசியர் என்று இருக்கும், உள்ளே போனால் எல்லோரும் கொரியர்களாக இருப்பார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருந்த படம் வேறாக இருக்கும்.

உங்கள் டிராக்ட்டோடு நிறுத்தாமல் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லா டிராக்ட்டுகளுக்கும் இதைச் செய்யுங்கள். ஐந்தாறு வரும். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிப் போகும் உலகம் அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, சற்றுப் பிறகு

மேலே சொன்னதில் ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. அந்த இரண்டும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் ஐந்தாண்டு அட்டவணைகள். மாதிரி எடுத்துக் கணித்த எண்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே பிழை வரம்பு போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். 240 பேர், பிழை வரம்பு 180 என்று இருந்தால் உண்மை 60-க்கும் 420-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அதுவும் 90% நம்பகத்தன்மையோடுதான். பக்கத்து டிராக்ட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் எண் கொஞ்சம் உறுதிப்படும்.

2020 சென்சஸின் முழு எண்ணிக்கையும் இருக்கிறது. ஆனால் தனிநபர் ரகசியம் காக்க, சின்னப் பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்து வெளியிட்டார்கள். ஒற்றை பிளாக்கின் (சென்சஸின் மிகச் சிறிய பகுதி) எண்ணை வைத்து "இந்தத் தெருவில் இத்தனை பேர்" என்று சொல்ல முடியாது. டிராக்ட் அளவில் நம்பலாம்.

பிப்ரவரி 5

"தமிழ் பேசுபவர்களை மட்டும் பார்க்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும், பெரிய அளவில் மட்டும். வீட்டில் பேசும் மொழிக்கான பி16001 அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி உண்டு. ஆனால் அது ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் பெரிய வட்டாரங்களுக்குத்தான் கிடைக்கும். டிராக்ட் அளவில் கிடைக்கும் சுருக்க அட்டவணையில் தமிழ், தெலுங்கு போன்ற திராவிட மொழிகள் "ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்" பக்கம் போய்விடும். இந்தி, குஜராத்தி "பிற இந்தோ-ஐரோப்பிய" பக்கம். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கும் தமிழ்க் குடும்பமும் குஜராத்திக் குடும்பமும் வேறு வேறு பெட்டிகளில். இது தெரியாமல் ஒரு பெட்டியை மட்டும் பார்த்து "இங்கே இந்தியர்களே இல்லை" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 7

தளங்கள் போடும் "பன்முகத்தன்மை மதிப்பெண்" பற்றி. சென்சஸ் பீரோவின் குறியீடு எளிது: கண்ணை மூடி இரண்டு பேரை எடுத்தால் அவர்கள் வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? நாடு முழுவதற்கும் 2010-இல் 54.9%, 2020-இல் 61.1%. நான்கு இனங்கள் சரிசமமாகக் கால்வாசி இருக்கும் ஊருக்கு 75% வரும். அந்த நான்கும் நான்கு மூலைகளில் தனித்தனியாக வாழ்ந்தாலும் அதே 75%தான். ஊருக்குள் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அந்த எண் சொல்லும். சேர்ந்து இருக்கிறார்களா என்பது அதில் இல்லை.

அதற்கு வேற்றிடக் குறியீடு என்று இன்னொன்று இருக்கிறது, கையாலேயே போடலாம். ஓர் ஊரில் இரண்டு தொடக்கப் பள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசியப் பிள்ளைகள் 400 பேரில் 300 பேர் முதல் பள்ளியில், 100 பேர் இரண்டாவதில்: 75%, 25%. வெள்ளையர் பிள்ளைகள் 1,000 பேரில் 300, 700: 30%, 70%. வித்தியாசங்கள் 45-ம் 45-ம், கூட்டினால் 90, பாதி 45. இரண்டில் ஒரு கூட்டத்தார் 45% பேர் இடம் மாறினால்தான் சமமாகும் என்று பொருள். 30-க்குக் கீழே என்றால் நன்றாகக் கலந்திருக்கிறது. 60-க்கு மேல் என்றால் பிரிந்துதான் வாழ்கிறார்கள்.

பிப்ரவரி 10

பள்ளிக்கு வருகிறேன். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம். தெரு கலந்திருந்து பள்ளி கலக்காமல் போவது அடிக்கடி நடக்கும். வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், பொதுப்பள்ளியின் முகம் தெருவின் முகமாக இருக்காது.

நாட்டின் எல்லாப் பொதுப்பள்ளிகளுக்கும் இனவாரி மாணவர் எண்ணிக்கையை என்.சி.இ.எஸ். என்ற தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தளத்தில் பள்ளிப் பெயர் போட்டு எடுக்கலாம். அதைச் சதவீதமாக நிறுத்தாமல் வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாம் வகுப்பில் 96 பிள்ளைகள், நான்கு பிரிவுகள், 6% ஆசியர் என்றால் மொத்தம் ஆறு பேர். பிரிவுக்கு ஒன்று அல்லது இரண்டு. அதில் பாதி பையன்கள். உங்கள் மகளுக்குத் தன்னைப் போன்ற ஒரு தோழி கிடைப்பது அந்த ஆண்டின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 12 முதல் 15% என்றால் பிரிவுக்கு மூன்று பேராவது வருவார்கள். பெயரை ஆசிரியர் ஒவ்வொரு நாளும் தப்பாகக் கூப்பிடுவதும், டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்குவதும் அந்த மூன்று பேர் இருக்கும் அறையில் வெகுவாகக் குறைகிறது.

அடுத்தது, கல்வித் துறையின் சிவில் ரைட்ஸ் டேட்டா கலெக்‌ஷன். பள்ளிவாரியாக மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சஸ்பெண்ட் ஆனவர்கள் இனவாரியாக, கிஃப்டட் வகுப்பில் (தனித்திறன் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுத்தவர்களுக்கானது) இருப்பவர்கள் இனவாரியாக, இனம் காரணமான சீண்டல் புகார்கள். பள்ளியில் 20% கறுப்பினப் பிள்ளைகள் இருந்து சஸ்பென்ஷனில் 60% அவர்கள் என்றால், அந்தக் கட்டடத்தில் வரவேற்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. நம் பிள்ளை அந்த 60%-இல் இல்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளக் கூடாது. நம் பிள்ளை அங்கே எதைப் பார்த்து வளரும் என்பதுதான் கேள்வி.

கிஃப்டட் வகுப்பில் மட்டும் ஆசியரும் வெள்ளையரும், சாதாரண வகுப்பில் மற்றவர்கள் என்று இருக்கும் பள்ளிகள் நிறைய. கட்டடத்தின் வாசலில் கலப்பு, உள்ளே இரண்டு பள்ளிகள்.

ரேட்டிங் எண் பற்றி ஒன்றே ஒன்று. பத்துக்கு எத்தனை என்று போடும் எண்ணில் தேர்வு மதிப்பெண்ணுக்கு நிறைய பங்கு, தேர்வு மதிப்பெண்ணில் பெற்றோர் வருமானத்துக்கு நிறைய பங்கு. குரோத் என்று தனியாக ஒரு எண் கொடுப்பார்கள்: வந்தபோது இருந்த நிலையிலிருந்து பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று. கலந்த பள்ளிகளை எடைபோட அதுதான் நியாயமான எண்.

பிப்ரவரி 11

திருத்தம். முதல் நாள் "திறக்கவும் சட்டம் விடாது" என்று எழுதியது மிகை. பொதுவெளியில் உள்ள ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்வதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. அதை வைத்து உங்களை ஒரு பக்கம் தள்ளுவதுதான் குற்றம். அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோமோ என்ற பயத்தில் பெரும்பாலான ரியல்டர்கள் பேசுவதே இல்லை. செய்ய வேண்டியது மாறவில்லை, காரணம் மாறுகிறது.

பிப்ரவரி 13

அந்தப் பயம் எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூஸ்டே நாளிதழ் 2019-இல் லாங் ஐலண்ட் பற்றி வெளியிட்ட மூன்றாண்டுப் புலனாய்வில், ஒரே தகுதியோடு வெள்ளையர் ஒருவரையும் மற்றவர் ஒருவரையும் ஒரே தரகரிடம் ரகசியக் கேமராவுடன் அனுப்பினார்கள். 86 சோதனைகள். பாகுபாடாக நடத்தப்பட்டதாகத் தெரிந்தது கறுப்பினத்தவருக்கு 49%, ஹிஸ்பானியருக்கு 39%, ஆசியருக்கு 19%. வீட்டுவசதித் துறையின் 2012 நாடுதழுவிய ஆய்விலும், வாங்க வந்த ஆசியர்களுக்கு வெள்ளையரைவிட 18.8% குறைவான வீடுகளே காட்டப்பட்டன. முகத்துக்கு நேரே யாரும் கதவைச் சாத்துவதில்லை. பட்டியல் குட்டையாகிவிடும், அவ்வளவுதான். தனியாக ஒருவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே பட்டியலை அவர் தரக் காத்திருக்காதீர்கள். பகுதி, விலை, படுக்கையறை எண்ணிக்கையை எழுத்தில் கொடுங்கள். தளத்தில் நீங்களே தேடி எடுத்த முகவரிகளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்த வீட்டைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டுவசதித் துறையிடம் புகார் கொடுக்க ஓராண்டு, நீதிமன்றம் போக இரண்டாண்டு அவகாசம். குறிப்பு இல்லாமல் போனால் நினைவை மட்டும் வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

"நல்ல ஸ்கூல் இல்ல", "உங்களுக்குப் பிடிக்காது" என்று காரணம் சொல்லாமல் ஒரு பகுதியை ஒதுக்கினால், "எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

பிப்ரவரி 17

கணவரின் வாதத்துக்கு இப்போது வருகிறேன். இதைச் சொல்லத் தயங்கினால் இந்தப் பக்கத்துக்கே பொருளில்லை. நம்மவர்கள் நிறைய இருக்கும் இடம் நம் எல்லோருக்கும் வரவேற்பான இடம் என்று சொல்ல முடியாது. "நீங்க எந்த ஊரு, எந்தக் கோயில், வெஜ்ஜா?" என்று தொடங்கும் விசாரிப்பு எதைத் தேடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டமாகத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய அதே போன்ற மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். பிரச்சினை இல்லாத இடத்தில் சட்டம் கேட்க மாட்டார்கள்.

தலித் குடும்பத்துக்கோ, முஸ்லிம், கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்துக்கோ, ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கோ 60% இந்தியர் உள்ள குடியிருப்பைவிட, 15% இந்தியரும் மற்ற எல்லோரும் கலந்த பகுதி மூச்சு விட வசதியாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் 2020 கணக்கில் 60%-க்கு மேல் ஆசியர். அந்த மாதிரி ஊரில் தனிமை இருக்காது. கணிதப் போட்டி, எஸ்.ஏ.டி. மதிப்பெண் என்று எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு இருப்பது சில பிள்ளைகளை நசுக்கும். சில பிள்ளைகள் அதிலேயே மலர்வார்கள். உங்கள் பிள்ளை எந்த வகை என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

பிப்ரவரி 18

"அப்போ எத்தனை சதவீதம்தான் சரி?" என்று கேட்டால், என் அளவுகோல் இது: பள்ளியில் நம் பிள்ளையைப் போன்றவர்கள் 10%-க்குக் குறையாமல், எந்த ஒரு இனமும் 60%-ஐத் தாண்டாமல். இதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் காட்டவில்லை, வகுப்பறைக் கணக்கிலிருந்து வந்த எண்தான்.

பிப்ரவரி 23

வெறுப்புக் குற்றங்கள். எஃப்.பி.ஐ. தளத்தில் காவல்துறைவாரியாக எடுக்கலாம். 2015 முதல் இந்துக்கள், சீக்கியர்களுக்கு எதிரானவை தனி வகை. ஆனால் பூஜ்யம் என்று இருந்தால் நிம்மதியடைய வேண்டாம். உள்ளூர்க் காவல்துறைகள் அறிக்கை கொடுப்பது கட்டாயமில்லை. பூஜ்யம் கொடுத்தவர்களும் உண்டு, எதுவுமே கொடுக்காதவர்களும் உண்டு. ஆண்டுக்கு நான்கைந்து புகார் பதிவு செய்து நடவடிக்கையும் எடுத்த ஊர், பெரும்பாலும் ஒன்றுமே பதிவு செய்யாத ஊரைவிட நல்லது.

இதைவிட அதிகம் சொல்வது கூட்டங்களின் வீடியோ. இரண்டு வகைக் கூட்டங்கள் போதும். பள்ளிக்குழுக் கூட்டம்: தீபாவளி, ஈத் விடுமுறை, புத்தகங்களை நீக்கும் கோரிக்கை, பள்ளி எல்லை மாற்றம் ஆகியவை வந்த நாட்களைத் தேடுங்கள். ஊரில் என்ன கட்டலாம் என்று முடிவுசெய்யும் திட்டக் குழுவில், அடுக்குமாடிக் குடியிருப்பு அனுமதி கேட்ட நாள். "ஊரின் தன்மை கெட்டுவிடும்", "அந்த மாதிரி ஆட்கள் வருவார்கள்" என்று மைக்கில் வரிசையாகப் பேசுகிறார்களா என்று கேளுங்கள். அந்த வரிசையில் நம்மவர்களும் நிற்பார்கள். வேகத்தை இரண்டு மடங்காக வைத்தால் ஓர் இரவில் இரண்டாண்டுக் கூட்டங்களின் முக்கியப் பகுதிகளைப் பார்த்துவிடலாம்.

மார்ச் 1

அப்பா அம்மா ஆறு மாதம் இருப்பார்கள் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். யாரும் அதைத் தொடவில்லை, நானும் விட்டுவிட்டேன். கார் ஓட்டாத ஒரு பெரியவருக்கு வரவேற்பு என்றால் முதலில் நடைபாதை. வீட்டிலிருந்து பூங்கா வரை நடைபாதை அறுபடாமல் போகிறதா? வழியில் உட்கார ஒரு பெஞ்ச் உண்டா? பெரிய சாலையைக் கடக்கும் சிக்னல், மெதுவாக நடப்பவருக்குப் போதுமான நேரம் தருகிறதா? மாலையில் மற்ற பெரியவர்கள் நடக்கிறார்களா? இந்த நான்கும் இல்லாத குடியிருப்பில் இந்தியர்கள் 50% இருந்தாலும் அம்மா பகல் முழுக்க ஜன்னலோரம்தான்.

நூலகமும் அப்படியே. நடந்தோ பஸ்ஸிலோ போக முடிகிறதா, அலமாரியில் தமிழ் புத்தகங்கள் இருக்கின்றனவா, கேட்டால் வரவழைத்துத் தருவார்களா என்று பாருங்கள்.

நேரில் போக வேண்டிய நேரங்கள்: செவ்வாய் மாலை நாலரைக்குப் பூங்கா, சனி காலை பத்துக்கு நூலகக் கதை நேரம், பள்ளி விடும் நேரத்தில் பள்ளி வாசல். ஞாயிறு மதியம் ஓப்பன் ஹவுஸ் நடக்கும்போது மட்டும் போனால் ஊரைப் பார்க்க முடியாது. வாசலில் பெற்றோர்கள் யாரோடு யார் நின்று பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். எல்லா நிறமும் இருந்து, ஒவ்வொன்றும் தனி வட்டமாக நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) பற்றிச் சுருக்கமாக. ஒப்பந்தம் போடுமுன் விதிப்புத்தகமும், கடந்த 24 மாதக் கூட்டக் குறிப்புகளும், அபராதப் பட்டியலும் கேளுங்கள். வாசலில் கோலம், தோரணம், விளக்கு எத்தனை நாள் இருக்கலாம். விருந்தாளி கார் எங்கே. துணி காயப்போட முடியுமா. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்து அபராதம் ஒரு சில பெயர்களுக்கே வந்திருந்தால் குறிப்பில் தெரியும். பழைய வீடுகளின் பத்திரத்தில் "வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது" என்ற வரி இன்னும் அச்சில் இருக்கலாம். 1948-இல் உச்ச நீதிமன்றம் அதை அமலாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது, 1968 சட்டம் முழுதாகத் தடுத்தது. வரி செல்லாது. ஆனாலும் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். பல மாநிலங்களில் நீக்கக் கோரி மனுக் கொடுக்க வழி இருக்கிறது.

மார்ச் 8

இன்று கலந்திருக்கும் இடம் பத்தாண்டில் கலந்திருக்குமா? ஐந்தாண்டு சர்வே எப்போதும் பின்தங்கியே வரும். யார் இப்போது வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஹெச்.எம்.டி.ஏ. என்ற வீட்டுக்கடன் தரவில் பாருங்கள். ஆண்டுதோறும் டிராக்ட்வாரியாக, கடன் கேட்டவரின் இனத்தோடு வரும். 2018 முதல் இந்தியர் தனியாகவே தெரிவார்கள். "வீடு வாங்கும் கடன்", "கொடுக்கப்பட்டது" என்று வடிகட்டி நான்கு ஆண்டுகளை வரிசையாக வையுங்கள். ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள் இதில் வர மாட்டார்கள். மக்கள் பெருகிய டிராக்ட்டை அடுத்த சென்சஸில் இரண்டாகப் பிரித்து .01, .02 என்று எண் போடுவார்கள், பழைய எண் கிடைக்கவில்லை என்று குழம்ப வேண்டாம்.

கலப்பு தானாக நிற்பதில்லை. நிற்க வைத்த ஊர்களைப் பார்த்தால் தெரியும். சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் 1968-லேயே நியாய வீட்டுவசதி ஆணை போட்டது. 1972-இல் அங்கே ஒரு வீட்டுவசதி மையம் தொடங்கி, வாடகைக்கு வருபவர்களை வழக்கமாகத் தேடாத தெருக்களையும் பார்க்கச் சொன்னார்கள். பயத்தில் எல்லோரும் விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்க "விற்பனைக்கு" பலகையையே தடை செய்தார்கள். மேரிலாந்தின் கொலம்பியா 1967-இல் தொடங்கியபோதே எல்லா இனத்துக்கும் திறந்த ஊராக, ஒரே கிராமத்துக்குள் தனிவீடும் அடுக்குமாடியும் கலந்து கட்டப்பட்டது. அதே மாநிலத்தின் மான்ட்கமெரி கவுன்டி 1974-இல், பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஒரு பங்கு வீடுகள் மிதமான வருமானக்காரர்களுக்கு என்று சட்டமாக்கியது. ஒரு ஊரைப் பார்க்கும்போது இப்படி ஏதாவது ஏற்பாடு உண்டா என்று தேடுங்கள். ஒரே அளவு, ஒரே விலைத் தனிவீடுகள் மட்டும் உள்ள ஊரில் கலப்பு வந்தாலும் நிலைக்காது.

மார்ச் 9

பிப்ரவரி 18-இல் போட்ட 60% வரம்பைத் தளர்த்துகிறேன். போன ஐந்தாண்டில் 75%-இலிருந்து 62%-க்கு இறங்கிய பள்ளியும், 50%-இலிருந்து 62%-க்கு ஏறிய பள்ளியும் ஒன்றல்ல. திசையைப் பாருங்கள். என்.சி.இ.எஸ். தளத்தில் பழைய ஆண்டுகளும் இருக்கின்றன.

மார்ச் 15

கேட்டவர் இரண்டு வீடுகளை முடிவாக எழுதியிருக்கிறார். முதல் வீட்டில் பள்ளி ரேட்டிங் 9, இந்தியர் நிறைய, நடைபாதை இல்லை. இரண்டாவதில் ரேட்டிங் 7, எந்த இனமும் 40%-ஐத் தாண்டவில்லை, குரோத் எண் முதல் பள்ளியைவிட மேல், நூலகம் ஏழு நிமிட நடை.

இரண்டாவது. மகளுக்கும் சரி, அம்மாவுக்கும் சரி.

கையெழுத்துப் போடுமுன் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து, முகவரியைச் சொல்லி, அடுத்த ஆண்டுக்கு எந்தப் பள்ளி, எந்த பஸ் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைத் தளத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயர் பழைய எல்லைப்படி இருக்கலாம். எல்லை மாற்றம் விவாதத்தில் இருந்தால் அந்த வரைபடத்தையும் கேளுங்கள், தெருவின் எந்தப் பக்கம் கோடு போகிறது என்று. இன்ஸ்பெக்‌ஷன் அவகாசம் (வீட்டைச் சோதித்துப் பார்க்க ஒப்பந்தம் தரும் நாட்கள்) முடிவதற்குள் அந்தப் பதில் கையில் இருக்க வேண்டும். மாவட்டம் ஹைஸ்கூலில் தமிழுக்கு உலகமொழி கிரெடிட் கொடுக்கிறதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.